அமாவாசைப் பிள்ளைகள்

கிராஃப் தாளைக் கண்டால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. பொடிப்பொடிக் கட்டம் போட்ட தாள் பாவம், அது என்ன செய்யும்? ஆனால் மனசு அப்படியெல்லாம் நியாயம் பார்ப்பதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் நெசவுத் தெருக்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. எனக்கு வாய் நீளம் என்று பெயர். தலைமையாசிரியர் பயந்த மனிதர். கல்வி ஆபீசிலிருந்து ஆள் வருகிறார் என்றால் முதல் நாளே எல்லாப் பதிவேட்டையும் எடுத்துத் தூசி தட்டி அடுக்கிவிடுவார். நல்லவர்தான். ஆனால் நல்லவராக மட்டும் இருந்து என்ன பிரயோசனம் என்று அந்த வருஷம் பார்த்தேன்.

எங்கள் பள்ளியில் இரண்டு விதமான பிள்ளைகள் உண்டு. தினமும் வருகிறவர்கள் ஒரு வகை. அமாவாசைக்கு மட்டும் வருகிறவர்கள் இன்னொரு வகை. அமாவாசையன்று ஊரில் தறி ஓடாது. மற்ற நாளில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று சேலை நெய்யும்போது, கரை நூல் சுற்றிய நாடா என்கிற ஓடக்கட்டையைத் தள்ளிக்கொடுக்கத் தறியின் ஓரத்தில் ஒரு ஆள் வேண்டும். அதற்குக் கூலி கொடுத்து ஆள் வைக்க வக்கில்லாதவர்கள் தங்கள் பிள்ளையை உட்கார வைத்துவிடுவார்கள். அந்தப் பிள்ளைகள் தறி நிற்கிற அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வருவார்கள். அன்று மட்டும் என் வகுப்பில் உட்கார இடம் இருக்காது. வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயரை அடிக்காமல் வைத்திருப்பது எங்கள் வழக்கம். சட்டப்படி தப்பு. பெயர் குறைந்தால் ஆசிரியர் இடமும் குறையும் என்பதால் தலைமையாசிரியர் கண்டுகொள்வதில்லை.

அந்தப் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று கேட்டால், ஒன்றுமில்லை. மாதத்துக்கு ஒரு நாள் வருகிற பிள்ளைக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது? அன்றைய பாடம் எதுவோ அது நடக்கும். அவர்கள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மத்தியானச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அப்போதுதான் ஆபீஸ் ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது. பழுத்த அனுபவம் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சில பள்ளிகளுக்கு வந்து, பிள்ளைகளின் மதிப்பெண்களை ஆராய்ந்து, எந்த இடத்தில் பாடம் ஏறவில்லை என்று ஆசிரியர்களுக்குச் சொல்வார்கள். எங்களுக்கு வாய்த்தவர்கள் இருவர். ஒருவர் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர், கணக்கில் புலி. திருப்புட்குழிப் பக்கம் நிலம் உள்ள குடும்பம், சைக்கிளில் வருவார். அவரைப் பெரிய சார் என்போம். மற்றவர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஆயுசைக் கழித்த கிறிஸ்தவ அம்மாள். வெள்ளைப் புடவை, தடித்த கண்ணாடி. அவர் வந்தால் தானே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகள் பக்கத்தில் போட்டுக்கொள்வார்.

முதல் நாளே அந்த அம்மாளிடம் எனக்கு முட்டிக்கொண்டது. என் வகுப்புக் கணக்குத் தாள்களைக் கேட்டார். கொடுத்தேன். மதிப்பெண்ணை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒவ்வொரு தாளாக எடுத்து, எந்தக் கணக்கு தப்பு என்று மட்டும் தரையில் சாக்குக்கட்டியால் கோடு கிழித்துக்கொண்டே போனார். முடிவில் ஒரே ஒரு கணக்குக்கு நேராகக் கோடுகள் குவிந்து கிடந்தன.

"பூஜ்யத்திலேர்ந்து கடன் வாங்கறதை எப்படிம்மா சொல்லிக்கொடுத்தீங்க?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்.

"உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லியிருக்கீங்க," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளிடம் இப்படிப் பேசுகிறாரே என்று அன்று இரவு வீட்டுக்காரரிடம் புலம்பித் தீர்த்தேன். மறுநாள் அம்மாள் சொல்லிக்கொடுத்தபடி புளியங்கொட்டையைக் குவித்து, பத்துப் பத்தாகக் கட்டி, பிரித்துக் காட்டினேன். வகுப்பில் பாதிப் பேருக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது. அதன் பிறகு அந்த அம்மாள் எது சொன்னாலும் கேட்டுக்கொண்டேன். வாய் நீளமானவளுக்கும் காது உண்டு.

முதல் மாதப் பரீட்சை ஒரு சாதாரண நாளில் நடந்தது. பெரிய சார் வகுப்புச் சராசரியைக் கிராஃப் தாளில் ஒரு புள்ளியாக வைத்தார். நல்ல உயரத்தில் இருந்தது. தலைமையாசிரியர் அதைச் சுவரில் ஒட்டி, அதன் கீழேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

அடுத்த அமாவாசையன்று அம்மாள் தற்செயலாகப் பள்ளிக்கு வந்தார். நிறைந்து வழிந்த வகுப்பைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். இவர்கள் யார் என்று கேட்டார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ இவங்களைப் பத்தி நம்மகிட்ட ஒண்ணுமே இல்லை. இனிமே பரீட்சை அமாவாசையன்னிக்குத்தான். எல்லாப் பிள்ளையும் இருக்கிற நாள்லதானே பரீட்சை வைக்கணும்?"

பெரிய சாரும் சரி என்றார். அவர் எங்கள் பள்ளிக்கு அமாவாசையன்று வந்ததே கிடையாது. அன்று வீட்டில் பித்ருக்களுக்குத் தர்ப்பணம், விரதச் சாப்பாடு, வாசலில் கோலம்கூட இல்லை. விடைத்தாள்கள்தான் மறுநாள் அவர் வீட்டுக்குப் போகும். அந்த நாளின் வகுப்பை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

புள்ளி தொபுக்கென்று கீழே விழுந்தது. விழாமல் என்ன செய்யும்?

ஆனால் அம்மாளுக்கு அதில் வருத்தமே இல்லை. அமாவாசைப் பிள்ளைகளின் தாள்களை மட்டும் தனியாகப் பிரித்து, ஒவ்வொருவரும் எந்த இடத்தில் இடறுகிறார்கள் என்று பார்த்தார். ஒருவனுக்குப் பெருக்கல், இன்னொருத்திக்குக் கடன் வாங்கிக் கழிப்பது. ஒரு பிள்ளைக்கு ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு விஷயம், அதற்கு மேல் எதுவும் கூடாது என்றார். அதை அமாவாசையன்று சொல்லிக்கொடுத்து அனுப்ப வேண்டும். வீட்டில் சாக்குக்கட்டியால் தறிக்குப் பக்கத்துச் சுவரில் போட்டுப் பழகட்டும். அடுத்த அமாவாசைக்கு அது தெரிந்ததா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஒல்லி, பெரிய காது, யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். அபார மூளை என்றெல்லாம் இல்லை. மற்றவர்களைப் போலத்தான். அவள் அம்மா ஒரு நாள் என்னைத் தேடி வந்தாள். விரல்களில் பட்டுச் சாயம் அப்பியிருந்தது.

"டீச்சர், இவ அஞ்சாவது பாஸ் பண்ணிடுவாளா?"

"ஏம்மா கேக்குறே?"

"மெட்ராஸ்ல எங்கக்கா இருக்குது டீச்சர். அதும் பொண்ணு வர்ற வருசம் ஆறாவது போவுது. இவளையும் கூட்டிக்கினு போயி ஒண்ணாச் சேத்துடறேன்னு சொல்லுது. இவங்கப்பா, பாஸ் பண்ணா போவட்டும், இல்லாங்காட்டி தறியிலயே குந்தட்டும்னு சொல்லிக்கினு இருக்குறாரு. அஞ்சாவது பாஸ்னு டி.சி. வாங்கிக் குடுத்துட்டீங்கன்னா போதும் டீச்சர். பொண்ணு பொழச்சிக்கும்."

பாஸ் பண்ணவைப்பது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன தைரியம் என்று கேட்காதீர்கள். அம்மாள் போட்ட வழி இருக்கிறது என்கிற தைரியம்தான்.

மாதா மாதம் அவள் ஒரு படி ஏறினாள். கடன் வாங்கிக் கழிப்பது வந்தது. பிறகு வகுத்தல். ஒரு அமாவாசையன்று, கொடுத்ததைத் தாண்டி அடுத்ததையும் தானே போட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். "சொவத்துல எடமில்ல டீச்சர், அதான் கதவுல போட்டேன்," என்றாள். அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். மற்ற பிள்ளைகளும் ஏறினார்கள். சுவரிலிருந்த கோடும் மெல்ல ஏறியது. ஆனால் முதல் புள்ளியின் உயரத்தை அது எட்டவில்லை.

தை மாதம் போல ஆபீசிலிருந்து கேள்வி வந்தது. அனுபவசாலிகள் வந்து உதவிய பிறகு தரம் குறைந்தது ஏன்? தலைமையாசிரியர் அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தார். பெரிய சார் விசாரித்தபோது ஒரே மூச்சில் ஒப்பித்தார்.

"சார், அது எங்க தப்பு இல்ல சார். அமாவாசைக்கு மட்டும் வர்ற பசங்க சார் இழுக்கிறது. தினம் வர்ற பசங்களைப் பாத்தீங்கன்னா நாங்க நல்லாத்தான் சார் செய்யறோம்."

பெரிய சாரின் முகம் மலர்ந்துவிட்டது. விடை கிடைக்காத கணக்குக்கு விடை கிடைத்த முகம். அன்றே உட்கார்ந்து தாள்களை இரண்டாகப் பிரித்து, இரண்டு கோடு போட்டார். தினமும் வருகிறவர்களின் கோடு மேலே. அமாவாசைப் பிள்ளைகளின் கோடு கீழே. சராசரியைக் கீழே இழுப்பது இவர்கள்தான் என்றும், இவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால் பள்ளியின் உண்மையான தரம் தெரியும் என்றும் ரிப்போர்ட் எழுதினார். எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கீழ்க்கோடுதான் வேகமாக ஏறுகிறது என்பதையும் எழுதுங்கள் என்று அம்மாள் சொன்னார். அதையும் எழுதினார், கடைசிப் பக்கத்தில்.

கடைசிப் பக்கம் வரை யார் படிக்கிறார்கள்? ஆபீசிலிருந்து வந்த பதில் சுருக்கமாக இருந்தது. தொடர்ந்து வராத பிள்ளைகளின் பெயரை வைத்திருப்பது விதிக்கு விரோதம். உடனே நீக்கவும்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நான் தலைமையாசிரியரிடம் கத்தினேன். இத்தனை வருஷம் வராமல் இருந்தபோது பெயர் இருந்தது, படிக்க ஆரம்பித்த பிறகு பெயர் போகிறதா என்று கேட்டேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே, "நான் என்னம்மா பண்றது? கையெழுத்து போட்டு அனுப்பியிருக்காங்க," என்றார். அம்மாள் ஆபீசுக்கே போய் வாதாடினார். அவருக்கு நாற்காலி போட்டு, காபி வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரைத் திட்டத்தில் கூப்பிடவில்லை. போகும்போது என்னிடம் அவர் சொன்னது இதுதான்: "நாம பிள்ளைங்களைத் தெரிஞ்சுக்கத்தான் அளந்தோம்மா. அவங்க பள்ளிக்கூடத்தைக் காட்டிக்க அளக்கறாங்க."

அடுத்த அமாவாசை வந்தது. பெயர் நீக்கிய விஷயத்தைத் தினமும் வருகிற பிள்ளைகள் மூலமாக வீடுகளுக்குச் சொல்லியனுப்பியிருந்தோம். பலர் வரவில்லை. அவள் வந்தாள். அவள் அப்பாவுக்கு விஷயம் காதில் விழுந்ததா, விழுந்தும் சொல்லவில்லையா, தெரியாது. நான் வருகைப் பதிவு எடுத்து முடித்தேன். அவள் எழுந்து நின்றாள்.

"எம் பேரு கூப்புடல டீச்சர்."

வகுப்பு திரும்பிப் பார்த்தது. நான் பதிவேட்டை மூடினேன். உட்காரும்மா, மறந்துட்டேன் என்றேன். அன்று முழுக்க அவள் வகுப்பில்தான் இருந்தாள். சாயங்காலம் அவளுடைய வீட்டுக்குப் போனேன்.

அவள் அப்பா தறியில் பாவு நூலின் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார். பரீட்சை வரைக்கும் தினமும் அனுப்புங்கள், மறுபடி பெயர் எழுதச் சொல்லித் தலைமையாசிரியர் காலிலாவது விழுகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

"கல்யாணச் சேல டீச்சர். மொதலாளி நாளு குறிச்சிக் குடுத்துட்டாரு. கரைக்கு யாரு நாடா வுடறது? நீங்க வந்து குந்துவீங்களா?"

நான் வீட்டுக்குத் திரும்பினேன். எங்கள் வீட்டுப் பெட்டியில் என் கல்யாணச் சேலை இருந்தது. அதன் கரைக்கு எந்தப் பிள்ளை நாடா தள்ளியதோ.

அதற்குப் பிறகு அமாவாசைகளில் அவள் என் வீட்டுக்கு வந்து படித்தாள். அங்கே கோடு இழுக்க யாரும் இல்லை. பள்ளியில் கோடு விர்ரென்று ஏறியது. எப்படி ஏறியது என்று எங்களுக்குத் தெரியும். கூட்டம் போட்டு, எங்கள் தலைமையாசிரியருக்குச் சால்வை போர்த்தி, மற்ற பள்ளிகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று பேசினார்கள். கைதட்டலுக்கு நடுவே அவர் ஒருமுறை என் பக்கம் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆண்டுப் பரீட்சைக்கு ஆபீசிலிருந்து அச்சடித்த கேள்வித்தாள்களை எண்ணிக் கட்டி அனுப்புவார்கள். பெயர் உள்ள பிள்ளைக்கு ஒன்று. கணக்குப் பரீட்சையன்று காலையில் அவள் வாசலில் நிற்கிறாள். அன்று அமாவாசை இல்லை. தறியில் அவள் இடத்தில் அவள் அம்மா உட்கார்ந்திருக்கிறாளாம், மத்தியானத்துக்குள் வரச் சொன்னாளாம்.

தலைமையாசிரியர் தலையை ஆட்டினார். ஆபீஸ் ஆள் உள்ளே இருக்கிறார் என்று கண்ணைக் காட்டினார். நான் அவளைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்து, கேள்விகளை என் கையால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் அவரால் செய்ய முடிந்த உதவி.

அவள் தலை நிமிராமல் எழுதினாள். முடித்துக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

விடைத்தாள்களை வாங்கிப்போகப் பெரிய சார் வந்திருந்தார். கட்டோடு அவளுடைய தாளையும் மேலே வைத்துக் கொடுத்தேன். அவருக்குக் கணக்கைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. நின்றபடியே சிவப்புப் பென்சிலை எடுத்துத் திருத்தினார். ஒவ்வொரு கணக்காகச் சரி போட்டுக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் மட்டும் கூட்டலில் சறுக்கியிருந்தாள். கீழே மதிப்பெண் எழுதி வட்டம் போட்டார்.

"பேஷ். வழி ரொம்பச் சுத்தமா இருக்குதும்மா. யாரு இந்தப் பொண்ணு?"

"உங்க கீழ்க்கோட்டுல இருந்தவ சார்."

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. தாளை மறுபடி பார்த்தார். நல்ல மனிதர். அந்த முகத்தில் நான் பார்த்த வேதனை பொய்யில்லை. ஆனால் அவர் கை அந்தத் தாளைக் கட்டோடு சேர்க்கவில்லை.

"இதை நான் எதுலம்மா சேர்க்கறது? பேரே இல்லையே," என்று மெதுவாகச் சொல்லி, என்னிடமே நீட்டினார்.

தாளை வாங்கிக்கொண்டேன். ஆத்திரத்தை யாரிடம் காட்ட? டி.சி. கேட்டால் 'ஐந்தாம் வகுப்பில் இடையில் நின்றவர்' என்றுதான் எழுத முடியும் என்றார் தலைமையாசிரியர். அந்த டி.சி.யோடு, மனசு கேட்காமல், அந்த விடைத்தாளையும் அவள் அம்மாவிடம் கொடுத்தேன். பெரிய சாரின் சிவப்பு மதிப்பெண் இருக்கிறது, நானும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அக்கா வீட்டுக்காரரிடம் காட்டிப் பாருங்கள், மெட்ராஸ் பள்ளியில் விவரம் சொல்லிக் கேட்டுப் பார்க்கட்டும் என்றேன்.

தாய்க்காரி முதல் பஸ்ஸில் பெண்ணையும் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் போனாள். பெண்ணுக்குப் புதுப் பாவாடை கட்டியிருந்தாளாம், தெருவே பார்த்ததாகச் சொன்னார்கள். மறுநாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். தனியாக வந்தாள். பெண் எங்கே என்று கேட்டேன்.

"தறியில குந்திக்கினு இருக்குது டீச்சர்."

முந்தானையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவி, என்னிடம் கொடுத்தாள்.

"இதுல பள்ளிக்கூடத்து சீல் இல்லியாம். செல்லாதாம் டீச்சர். நல்ல மார்க்குன்னு எல்லாரும் சொன்னாங்க. வூட்டுல வெச்சிருந்தா பொண்ணு எடுத்து எடுத்துப் பாத்துக்கினே இருக்கும். நீங்களே வெச்சிக்குங்க."